வேற்று நாட்டில் தலைவணங்கலாமா?



சென்ற மாதம் நமக்கு வந்த கடிதங்களுள் ஒன்று தென் கொரியாவிலிருந்து வந்திருந்தது. எழுதியவர் இலங்கையின் ஹட்டன் பகுதித் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்த இளைஞர். கொரிய அரசு 2004ஆம் ஆண்டு தொடங்கிய வேலை அனுமதித் திட்டத்தின் கீழ் இலங்கையிலிருந்து எத்தனையோ பேர் அங்கே சென்றிருக்கிறார்கள். இவரும் அப்படிச் சென்றவர்தான். சியோலுக்குத் தெற்கே ஒரு தொழிற்பேட்டையில், உலோகத் தகடு வெட்டும் பட்டறையில் இரண்டு ஆண்டுகளாக வேலை செய்கிறார்.

அவர் கடிதத்தின் சாரம் இது. தினமும் காலையில் மேற்பார்வையாளர் உள்ளே வரும்போது எல்லாரும் இடுப்பை வளைத்துக் குனிந்து வணக்கம் சொல்வார்களாம். இவர் மட்டும் நிமிர்ந்து நின்று வாயால் சொல்வாராம். ஒருவரும் இவரைக் கடிந்துகொண்டதில்லை. ஆனால் ஒருவரும் இவரிடம் நெருங்கிப் பழகியதும் இல்லை. அண்மையில் பட்டறை முதலாளியின் தந்தை இறந்துபோனார். தொழிலாளர் அனைவரும் அஞ்சலி செலுத்தச் சென்றார்கள். உள்ளே இறந்தவரின் படத்துக்கு முன் ஒவ்வொருவரும் தரையில் மண்டியிட்டு, நெற்றி தாழ்த்தி, இருமுறை வணங்கினார்கள். இவர் வாசலிலேயே நின்றுவிட்டார். சற்று நேரத்தில் முதலாளி வெளியே வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. இவர் கையைப் பிடித்து அழைத்துப்போய்ச் சாப்பாட்டுக்கு உட்கார வைத்தார். அன்றிரவு இவருக்குத் தூக்கம் வரவில்லை.

"சுவாமி, எனக்கு இரண்டு சந்தேகம். படத்துக்கு முன்னால் விழுந்து வணங்கினால் அது முதல் கட்டளைக்கு விரோதமில்லையா? இன்னொன்று, என் தாத்தா தோட்டத்துத் துரை வரும்போது தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பாதையை விட்டு இறங்கிக் குனிந்து நிற்பாராம். அவர் குனிந்தது போதாதா? கடல் கடந்து வந்து நானும் குனிய வேண்டுமா?"

இதைப் படித்தபோது நாமும் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டோம். முதல் கேள்விக்கு மறைக்கல்வி நூலைப் பார்த்துப் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவது கேள்வி ஒரு குடும்பத்தின் காயத்திலிருந்து வருகிறது. இரண்டையும் இன்று பொறுமையாக எடுத்துக்கொள்வோம்.

முதலில், கொரியர்கள் குனிவதன் பொருள் என்ன என்று தெரிந்துகொள்வோம். 1392 முதல் 1910 வரை அந்நாட்டை ஆண்டது ஜோசோன் அரச மரபு. அக்காலத்தில் கன்பூசியஸ் நெறியே நாட்டின் ஒழுங்காக இருந்தது. பெற்றோருக்குப் பிள்ளை, மூத்தோருக்கு இளையோர், ஆசிரியருக்கு மாணவர் என்று ஒவ்வோர் உறவுக்கும் உரிய மரியாதையை உடலாலேயே காட்டும் பழக்கம் அப்போது வேரூன்றியது. அரச மரபு போய்விட்டது, பழக்கம் நிலைத்துவிட்டது.

இந்த வணக்கத்தில் பல படிகள் உண்டு. தாழ்வாரத்தில் எதிர்ப்படும் சக ஊழியருக்குத் தலையை இலேசாகச் சாய்த்தால் போதும். வயதில் மூத்தவருக்கும் மேலதிகாரிக்கும் இடுப்பிலிருந்து சுமார் 30 பாகை குனிவார்கள். மிகுந்த நன்றி சொல்லவோ மன்னிப்புக் கேட்கவோ 45 பாகை வரை குனிவார்கள். இவை போகத் தரையில் மண்டியிட்டுச் செய்யும் பெரிய வணக்கம் ஒன்று உண்டு. அதற்குக் 'குன்ஜோல்' என்று பெயர். சியோல்லால் எனப்படும் சந்திரப் புத்தாண்டு நாளில் பிள்ளைகள் தாத்தா பாட்டிக்கு இந்த வணக்கத்தைச் செய்கிறார்கள். பெரியவர்கள் ஆசி கூறிக் கையில் காசு கொடுக்கிறார்கள். பொங்கலன்று பெரியவர்கள் காலில் விழுந்து ஆசி வாங்கிய நமக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அங்கேயும் தந்தையைக் குழந்தைகள் 'அப்பா' என்றுதான் கூப்பிடுகிறார்கள்!

நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது வேறொன்று. கொரியாவில் குனிவது எளியவர் மட்டுமல்ல. திருமணத்தில் மணமகனும் மணமகளும் ஒருவருக்கொருவர் குனிகிறார்கள். விரைவு ரயிலில் பெட்டிக்குள் வரும் ஊழியர் பயணிகளுக்கு வணங்கிவிட்டுத்தான் நடக்கிறார். தேர்தல் நேரத்தில் வேட்பாளர்கள் சுரங்க ரயில் நிலைய வாசலில் நின்று வேலைக்குப் போகிற சாதாரண மக்களுக்குக் குனிகிறார்கள். பெரிய நிறுவனங்களின் தலைவர்கள் தவறு நேர்ந்தால் தொலைக்காட்சி முன் நின்று குனிந்து மன்னிப்புக் கேட்கிறார்கள். பட்டறையில் நீங்கள் குனியும்போது மேற்பார்வையாளரும் தலையசைத்துப் பதில் வணக்கம் சொல்கிறார். கொரிய மொழியில் அந்த வணக்கச் சொல் 'அன்யோங் ஹாசேயோ'. அதிலுள்ள 'அன்யோங்' என்பதற்குச் சமாதானம், நலம் என்று பொருள். ஆக, "நீங்கள் சமாதானமாய் இருக்கிறீர்களா?" என்று கேட்டுக்கொண்டே அவர்கள் குனிகிறார்கள்.

இனி முதல் கேள்விக்கு வருவோம். இறந்தவர் படத்துக்கு முன் குனிவது சிலை வழிபாடா?

இந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் நம் நேயர் அல்லர். கொரியத் திருச்சபை இதே கேள்விக்காக இரத்தம் சிந்தியிருக்கிறது. 1784ஆம் ஆண்டு யி சுங்-ஹுன் என்ற கொரிய அறிஞர் பெய்ஜிங் சென்று திருமுழுக்குப் பெற்றுத் திரும்பினார். மறைப்பணியாளர் எவரும் வருமுன்பே பொதுநிலையினர் தாங்களாகவே கூடிச் செபித்து உருவாக்கிய திருச்சபை அது. அந்நாளில் கொரிய வீடுகளில் மூதாதையரின் பெயர் எழுதிய மரப்பலகையை வைத்து, உணவு படைத்து, வணங்குவது வழக்கம். இறந்தவரின் ஆன்மா அந்தப் பலகையில் தங்குவதாகப் பலர் நம்பினார்கள். திருத்தந்தை 14ஆம் பெனடிக்ட் 1742இல் சீனச் சடங்குகளைக் கத்தோலிக்கருக்குத் தடை செய்திருந்தார். அதையொட்டி, கொரியருக்கும் இது ஆகாது என்று பெய்ஜிங் ஆயர் 1790இல் பதில் அனுப்பினார்.

மறு ஆண்டு பவுல் யுன் ஜி-சுங் என்பவரின் தாயார் இறந்தார். மகன் தாய்க்காக அழுதார், துக்கம் காத்தார், முறைப்படி நல்லடக்கம் செய்தார். பலகை வழிபாட்டை மட்டும் செய்ய மறுத்தார். வீட்டிலிருந்த மூதாதையர் பலகைகளை எரித்தார். தாய்க்கும் அரசனுக்கும் துரோகம் செய்தவர் என்று அவர்மீது குற்றம் சாட்டினார்கள். 1791 டிசம்பர் 8 அன்று ஜோன்ஜு நகரில் அவரும், அவருடைய உறவினர் யாக்கோபு குவோன் சாங்-யோனும் தலை வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அந்த இடத்தில் இன்று ஜோன்தோங் ஆலயம் நிற்கிறது. அதற்குப் பின் ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் அலை அலையாய் வந்த துன்புறுத்தல்களில் ஆயிரக்கணக்கான விசுவாசிகள் உயிர் துறந்தார்கள். அவர்களுள் 103 பேரைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1984இல் சியோலில் புனிதர்களாக உயர்த்தினார். யுன் ஜி-சுங்கையும் 123 தோழர்களையும் திருத்தந்தை பிரான்சிஸ் 2014 ஆகஸ்டு 16 அன்று அருளாளர்களாக அறிவித்தார்.

பிறகு என்ன நடந்தது? காலம் சென்றது. மக்கள் மனத்தில் அந்தச் சடங்குகளின் பொருளும் மாறியது. ஆன்மா பலகையில் வந்து தங்குகிறது என்ற நம்பிக்கை பலரிடம் தேய்ந்து, நன்றியும் நினைவும் மட்டுமே மிஞ்சின. திருச்சபை அதைக் கவனமாய் ஆராய்ந்தது. திருத்தந்தை 12ஆம் பயஸ் காலத்தில், 1939 டிசம்பர் 8 அன்று, சீனாவை முன்னிட்டு உரோமையிலிருந்து ஓர் ஆணை வெளிவந்தது. இறந்தவர் முன்னும், அவர் படத்தின் முன்னும், பெயர் மட்டும் எழுதிய பலகையின் முன்னும் தலைகுனிந்து மரியாதை செய்வது தகுதியானதே என்று அது கூறியது. கொரியாவிலும் அதுவே வழிகாட்டியாயிற்று. தேதியைப் பாருங்கள். யுன் ஜி-சுங் உயிர் கொடுத்த அதே டிசம்பர் 8, அமல உற்பவ அன்னையின் திருநாள். இடையில் 148 ஆண்டுகள்.

அப்படியானால் அவர் வீணாகச் செத்தாரா என்று சிலர் கேட்கலாம். இல்லை. தம் காலத்தில் அந்தச் செயலுக்கு என்ன பொருளோ, திருச்சபை தமக்கு என்ன கற்பித்ததோ, அதன்படி மனச்சான்றுக்கு உண்மையாய் நின்றார் அவர். கடவுளுக்கு மட்டும் உரியதை வேறு எவருக்கும் கொடுக்க மாட்டேன் என்றார். அந்த உறுதி இன்றும் நமக்கு வேண்டும். மாறியது கடவுளின் கட்டளை அன்று, குனிவதன் பொருள்.

விவிலியமும் இதைத்தான் காட்டுகிறது. எஸ்தர் நூலில் மொர்தக்காய், ஆமானுக்கு முன் மண்டியிட மறுத்தார். தானியேல் நூலில் மூன்று இளைஞர் பொற்சிலைக்கு முன் விழ மறுத்துத் தீச்சூளைக்குப் போனார்கள். ஆனால் சிரியாவின் படைத்தலைவர் நாமான் தொழுநோய் நீங்கி ஒரே கடவுளை ஏற்றுக்கொண்டபின், எலிசாவிடம் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். அரசர் தம் கையில் சாய்ந்துகொண்டு ரிம்மோன் கோயிலில் குனியும்போது தாமும் குனிய நேரிடுமே, கடவுள் மன்னிப்பாரா என்று கேட்டார். எலிசா அவரைக் கடிந்துகொள்ளவில்லை, சமாதானத்தோடு அனுப்பிவைத்தார். உடல் குனிகிறதா என்பதோடு உள்ளம் யாரை வழிபடுகிறது என்பதையும் இறைவாக்கினர் பார்த்தார்.

எனவே, அன்பு மகனே, நீங்கள் அந்த மண்டபத்துக்குள் சென்று, இறந்த பெரியவரை நினைத்து மரியாதையாகக் குனிந்திருந்தால் பாவம் ஆகியிராது. கொரியக் கத்தோலிக்கரே அப்படிச் செய்கிறார்கள். அவர்கள் அதோடு நிற்பதும் இல்லை. இறந்தவர் வீட்டில் கூடி, தங்கள் பழைய நாட்டு மெட்டில், 'யோந்தோ' என்னும் மன்றாட்டுகளை முறை வைத்துப் பாடுகிறார்கள். ஒருவேளை உங்கள் மனம் இன்னும் ஒப்பவில்லை என்றால், வெள்ளைச் சாமந்திப் பூ ஒன்றைப் படத்தின் முன் வைத்து, தலை தாழ்த்தி மௌனமாய்ச் செபித்துவிட்டு, துக்க வீட்டாரை நோக்கி ஒருமுறை குனியலாம். கொரியாவில் கிறிஸ்தவர் பலர் அப்படிச் செய்வதுண்டு. துக்க வீட்டார் அதைத் தவறாக எண்ணுவதில்லை. இறந்தவரின் ஆன்மாவை அழைத்து உணவு படைக்கும் சடங்கு, குறி கேட்கும் சடங்கு போன்றவற்றில் மட்டும் பங்கேற்க வேண்டாம். சந்தேகம் வந்தால் அருகிலுள்ள பங்குத் தந்தையைக் கேளுங்கள்.

இப்போது இரண்டாவது கேள்வி. தாத்தா குனிந்தது போதாதா?

போதும் மகனே. அந்தக் குனிதல் போதும். ஒரு நாளும் திரும்பி வரக்கூடாது. உங்கள் தாத்தாவுக்கு அந்த நாளில் வேறு வழி இருந்திருக்காது. நிமிர்ந்து நின்றால் பேர் வெட்டிவிடுவார்கள். பேர் போனால் அன்றைய அரிசி போய்விடும். அது பயத்தால் வந்த வணக்கம். துரை அவருக்குத் திரும்பக் குனிந்ததில்லை. தமிழகக் கிராமங்களிலும் சாதியின் பெயரால் தோள் துண்டை இடுப்பில் கட்டவும், செருப்பைக் கையில் தூக்கவும், கைகட்டிக் குனிந்து நிற்கவும் வைத்த கொடுமையை நாம் மறக்கவில்லை. அந்த நினைவு உள்ளவருக்கு முதுகு எளிதில் வளையாது. அதற்காக அவரை யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் ஒன்றை உங்களோடு சேர்ந்து யோசிக்க விரும்புகிறோம். துரைக்குமுன் உங்கள் தாத்தா குனிந்ததும், பேத்தி தாத்தாவுக்கு முன் குனிவதும் ஒன்றா? முதுகு ஒரே மாதிரிதான் வளைகிறது. தோட்டத்தில் ஒருவர் மட்டும் குனிந்தார். கொரியப் பட்டறையில் எல்லாரும் குனிகிறார்கள். பதில் வணக்கமும் வருகிறது. அங்கே உங்களோடு நிற்கும் கொரியத் தொழிலாளியும் குனிகிறார். அவரை யாரும் அடிமை என்று எண்ணுவதில்லை.

தொடக்க நூல் 23ஆம் அதிகாரத்தில் ஒரு காட்சி வருகிறது. சாரா இறந்துவிட்டார். அவரை அடக்கம் செய்ய ஆபிரகாமுக்கு ஒரு சாண் நிலம் இல்லை. கானான் நாட்டில் அவர் அந்நியர், வந்தேறி. அந்நாட்டவரான இத்தியரிடம் எழுந்து போகிறார். அவர்கள் முன் தலைதாழ்த்தி வணங்குகிறார். ஒருமுறையல்ல, இருமுறை. பிறகு நிலத்தின் முழு விலையையும் வெள்ளியாக நிறுத்துக் கொடுத்து வாங்குகிறார். அவர் இத்தியரின் தெய்வங்களை வணங்கவில்லை. தம் நம்பிக்கையை விற்கவில்லை. இலவசமாய்ப் பெறவும் ஒப்பவில்லை. அந்த ஊர் மக்களின் மரியாதை மொழியில் பேசினார், அவ்வளவுதான். அவர்களும் அவரைத் தங்கள் நடுவே உள்ள பெருந்தலைவர் என்று மதித்தார்கள். விசுவாசத்தின் தந்தை வேற்று நாட்டில் குனிந்தார், சிறுமைப்படவில்லை.

ஆகவே, கொரியாவில் வாழ்கிற வெளிநாட்டவர் அன்றாட வணக்கத்தைக் கற்றுக்கொள்வது நல்லது என்பதே நமது எண்ணம். இன்று அங்கே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டவர் வாழ்கிறார்கள். குனியாத வெளிநாட்டவரைக் கொரியர் பெரும்பாலும் பொறுத்துக்கொள்கிறார்கள். வெளியாள்தானே, தெரியாது என்று விட்டுவிடுகிறார்கள். நமக்கு அதில்தான் வருத்தம். பொறுத்துக்கொள்ளப்படுவது ஒன்று, சேர்த்துக்கொள்ளப்படுவது வேறொன்று. அவர்கள் மொழியில் நான்கு சொற்கள் கற்கிறோம், அவர்கள் சோற்றையும் கிம்ச்சியையும் உண்கிறோம். அவர்கள் வணக்கத்தையும் கற்கலாமே.

கற்கும்போது சிலவற்றைக் கவனியுங்கள். நம் ஊர்ப் பழக்கத்தில் இரு கைகளையும் குவித்துக் குனிய வேண்டாம். கொரியாவில் அது பௌத்த சமயத்தாரின் வணக்கம். கைகளைப் பக்கவாட்டிலோ, முன்னால் ஒன்றன்மேல் ஒன்றாகவோ வைத்துக்கொள்ளுங்கள். குனியும்போது முகத்தைப் பார்க்காமல் கண்ணைத் தாழ்த்துங்கள். நடந்துகொண்டே குனியாதீர்கள். பெரியவர் கைகுலுக்க நீட்டினால், இடக்கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டு கொடுங்கள். எதையும் இரு கைகளாலும் வாங்குங்கள். விளையாட்டுக்காக மிகையாய்க் குனிவது கேலியாகிவிடும், அதைத் தவிருங்கள்.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு. குனியச் சொல்லி அடித்தாலோ, எல்லார் முன்னிலையிலும் மண்டியிட வைத்தாலோ, சம்பளத்தைக் கேட்டதற்காக மன்னிப்புக் கேட்கச் சொன்னாலோ, அது கொரியப் பண்பாடு ஆகாது. மேலிடத்தார் கீழிருப்பவரை இப்படி மிதிப்பதைக் கொரியரே 'கப்ஜில்' என்று பெயர் சொல்லிக் கண்டிக்கிறார்கள். வேலையிடத்தில் இழிவுபடுத்துவதை 2019 ஜூலை முதல் அந்நாட்டுச் சட்டமும் தடை செய்கிறது. அங்கே நிமிர்ந்து நில்லுங்கள். கொர்னேலியு தம் காலில் விழுந்தபோது பேதுரு என்ன செய்தார்? தாமும் மனிதரே என்று சொல்லி அவரைத் தூக்கி நிறுத்தினார். தலைவணங்கவும், தலைவணங்கியவரைத் தூக்கிவிடவும் தெரிந்தவரே கிறிஸ்தவர்.

உங்களுக்கு இன்னொரு செய்தி. அடுத்த ஞாயிறு அருகிலுள்ள கத்தோலிக்க ஆலயத்துக்குப் போய்ப் பாருங்கள். அங்கே முழந்தாளிடுவதற்குப் பதிலாக நற்கருணை ஆண்டவருக்கு முன் ஆழ்ந்து குனிவதே வழக்கம். சமாதானம் வழங்கும் நேரத்தில், நம் ஊரில் கைகுவித்து வணங்குவது போல, அங்கே எல்லாரும் ஒருவர் பக்கம் ஒருவர் திரும்பிக் குனிந்து சமாதானம் வாழ்த்துகிறார்கள். முதலாளி தொழிலாளிக்கும், பாட்டி பேரனுக்கும், கொரியர் உங்களுக்கும் குனிவார்கள். பீடத்தின் முன் குனிந்தவர்கள் எல்லாரும் சமமாய் நிமிர்கிறார்கள்.

நம் தமிழகத்துக் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. 1998இல் திருப்பெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் கொரியக் கார்த் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது முதல், சென்னையைச் சுற்றிக் கொரியக் குடும்பங்கள் பல வாழ்கின்றன. அவர்கள் கைகுவித்து "வணக்கம்" என்று தட்டுத்தடுமாறிச் சொல்லும்போது நம் முகம் மலர்கிறது அல்லவா? அந்த மலர்ச்சியைத்தான் நம் பிள்ளை அங்கே பிறருக்குக் கொடுக்கப் போகிறார்.

இரண்டாம் யோவான் பவுல் 1984இல் சியோலில் வந்து இறங்கியதும், முதலில் மண்டியிட்டு அந்த மண்ணை முத்தமிட்டார். மறைசாட்சிகளின் மண் என்று அதைப் போற்றினார். உலகத் திருச்சபையின் தலைவர் விருந்தாளியாய் வந்து குனிந்த மண் அது.

மகனே, இன்னும் நேரம் போய்விடவில்லை. நாளைக் காலை உங்கள் முதலாளியிடம் போங்கள். உங்களால் இயன்றதை ஒரு வெள்ளை உறையில் வைத்து இரு கைகளாலும் கொடுங்கள். அவர் தந்தைக்காகச் செபிப்பதாகச் சொல்லுங்கள். பிறகு, மனமுவந்து, ஒருமுறை குனியுங்கள். உங்களைக் கைபிடித்துச் சாப்பிட அழைத்துப்போன மனிதர் அவர். அவரும் உங்களுக்குக் குனிவார் என்றே நம்புகிறோம். அந்த நேரத்தில் உங்கள் தாத்தாவையும் நினைத்துக்கொள்ளுங்கள். துரை அவருக்குத் தராத பதில் வணக்கம் பேரனுக்குக் கிடைக்கும்.

சீடர்களின் பாதங்களைக் கழுவக் குனிந்த ஆண்டவர் இயேசு, வேற்று நாடுகளில் உழைக்கும் நம் பிள்ளைகள் அனைவரையும் காத்து, அவர்கள் போகும் இடமெல்லாம் மதிப்போடு வாழ அருள்வாராக. ஆமென்.